பதினெட்டு வயதுப் பெண்ணை நம்பிப் பிள்ளையை விடலாமா: கோட்டையூர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் குடும்ப ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மணமுறிவு, பாகப்பிரிவினை, வயதான பெற்றோரை யார் வைத்துக்கொள்வது போன்ற சிக்கல்களோடு வருவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரு பிள்ளை பராமரிப்பாளரை எடுக்கலாமா என்று கேட்டு ஒரு குடும்பம் முழுவதும் வந்து உட்கார்ந்தது எனக்கு இதுவே முதல்முறை. குடும்பத்தாரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நியூ ஜெர்சியில் வசிக்கும் அந்தத் தம்பதி, கணவருடைய அப்பச்சியின், அதாவது தந்தையின், 70 வயது நிறைவுச் சாந்திக்காக, ஜூலை மாதம் இரண்டு குழந்தைகளோடு கோட்டையூருக்கு வந்திருந்தார்கள். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 14 மாதம். கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். மாதத்தில் ஒரு வாரம் இரவு பகல் பாராமல் அலுவலக அழைப்புக்கு ஆயத்தமாக இருக்க வேண்டிய முறைப்பணியும் அவருக்கு உண்டு. மனைவி மருந்து நிறுவனம் ஒன்றில் புள்ளியியல் வல்லுநர். வாரத்தில் 5 நாளும் ரயிலில் அலுவலகம் போய் வருகிறவர். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெண்மணி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், ஊர் திரும்பியதும் யாரிடம் பிள்ளையை விடுவது என்ற கேள்வி அவர்களைச் சாந்திப் பந்தலிலும் விடவில்லை.

அவர்கள் தேர்ந்தெடுத்த வழி 'ஓ பேர்' எனப்படும் ஏற்பாடு. பிரெஞ்சு மொழியில் 'சமமாக' என்று பொருள்படும் இச்சொல், வேற்று நாட்டிலிருந்து வந்து ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தைகளைக் குறிப்பிட்ட நேரம் பார்த்துக்கொண்டு, அதற்கு ஈடாக உணவும் உறைவிடமும் கைச்செலவுப் பணமும் பெறும் இளையவரைக் குறிக்கிறது. ஐரோப்பிய அவை 1969-இல் உருவாக்கிய உடன்படிக்கை இவ்வாறு வருபவரின் வயதை 17 முதல் 30 வரை என்றும், பணியை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மிகாமலும் வரையறுத்தது. 1986 முதல் இத்திட்டம் நடந்துவரும் அமெரிக்காவில் விதிகள் வேறு. வயது 18 முதல் 26, பள்ளிப்படிப்பை முடித்திருக்க வேண்டும், நாளொன்றுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்பதே உச்ச வரம்பு, வாரத்தில் ஒன்றரை நாளும், மாதத்தில் ஒரு முழு வார இறுதியும் விடுமுறை, தனி அறை, வாரத்துக்குக் குறைந்தது 195.75 டாலர். அந்தத் தொகை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அது பேச்சுக்கு வந்தது: மணிக்கு 7.25 டாலர் என்ற கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியை 45-ஆல் பெருக்கி, உணவுக்கும் தங்குமிடத்துக்குமாக நூற்றுக்கு 40 பங்கு கழித்தால் 195.75 வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு வருபவர், கைக்குழந்தைகளைக் கவனித்த அனுபவம் 200 மணி நேரமாவது தமக்கு உண்டு என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும் என்பது மற்றொரு விதி.

ஏஜென்சி பரிந்துரைத்தவர்களில் இருவர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவருக்கு 24 வயது. மற்றவர் கொலம்பியாவின் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். 18 நிறைந்து 2 மாதமே ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருந்ததற்கான 200 மணி நேரச் சான்றும் அவரிடம் இருந்தது. மனைவிக்கு இளையவரைப் பிடித்திருந்தது. கணவருக்கு அச்சமாக இருந்தது. அவர் அச்சத்துக்கு ஒரு காரணம், 1997-இல் மாசசூசெட்ஸில் இந்திய வம்சாவளி மருத்துவர் ஒருவரின் 8 மாதக் குழந்தை இறந்த வழக்கு. அந்த வீட்டிலிருந்த ஓ பேர், இங்கிலாந்திலிருந்து வந்த 18 வயதுப் பெண். நடுவர் குழு கொலைக்குற்றம் என்று தீர்ப்பளிக்க, நீதிபதி அதை நோக்கமில்லா மரணம் விளைவித்தல் என்று குறைத்து, அதுவரை சிறையில் கழித்த 279 நாளே போதுமென விடுவித்தார். மருத்துவச் சாட்சிகளே ஒன்றுக்கொன்று முரண்பட்ட அந்த வழக்கிலிருந்து 18 வயதைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் பெற்ற தகப்பனின் பயத்துக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்லி ஓய்ந்துவிட முடியாது.

வளவில் நடந்த பேச்சு

முதல் சந்திப்பு அவர்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், நடந்தது. கணவரின் தாயார், அதாவது பிள்ளைகளின் அப்பத்தா, பேச்சைத் தொடங்கியதுமே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "நான் பதினேழு வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன். பத்தொம்பதுல மூத்தவளைப் பெத்தேன். எனக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தாக?"

இந்த வாதத்தை நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கேட்கலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆகையால் நான் மறுத்துப் பேசாமல், மூத்த மகள் பிறந்த காலத்தில் அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்டேன். மாமியார்தான் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார் என்றார். உரைமருந்து கொடுப்பது பெரிய நாத்தனார். தொட்டில் கிடந்த இடம் இரண்டாங்கட்டு. அங்கே எந்நேரமும் யாராவது முறத்தோடோ அரிவாள்மனையோடோ உட்கார்ந்திருப்பார்கள். "பிள்ளையோட நீங்க மட்டும் தனியா இருந்த நாள் எத்தனை?" என்று கேட்டபோது, அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, ஒரு விரலிலேயே நிறுத்திவிட்டார். "பெரியவுக எல்லாரும் ஒரு தடவை பிள்ளையார்பட்டிக்குப் போனாக. அன்னிக்கும் சமையக்கார ஆச்சி இருந்தாக." அதன்பிறகு அவர் அந்த வாதத்தை எடுக்கவில்லை. அடுப்பைத் தனித்தனியே வைத்துக்கொண்டாலும் ஒரே வளவைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள் புழங்கிய வீட்டில் 19 வயதுத் தாய் ஒருத்தி பிள்ளை வளர்த்ததும், பனிக்காலத்தில் கதவடைத்த வீட்டில் 18 வயதுப் பெண் ஒருத்தி 14 மாதக் குழந்தையோடு பகல் முழுவதும் இருக்கப்போவதும் ஒரே காரியம் ஆகா.

அப்பச்சி அதுவரை பேசவில்லை. எழுந்து போய் இரும்புப் பெட்டியிலிருந்து மடிப்பெல்லாம் இற்றுப்போன ஒரு தாளைக் கொண்டுவந்தார். அவருடைய பெரியப்பச்சி பதின்மூன்று வயதில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாக, போனபோது எழுதிய சம்பளச் சீட்டு அது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் வெளிநாடுகளுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தில் வீட்டுப் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே கடைக்கு அனுப்பியது அனைவரும் அறிந்த செய்தி. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, பிறகு கடைப் பொறுப்பாளரான மேலாளாக உயர்வது அன்றைய முறை. பொதுவாக மூன்று ஆண்டு ஒரு தவணை. இத்தனை சிறியவனை அனுப்பினார்களே என்று மருமகள் வருந்திச் சொன்னார். அப்பச்சி தாளில் விரல் வைத்துக் காட்டியது வேறு: தவணை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. போன இடத்தில் அந்தப் பையன் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் மேலாளோடும் அடுத்தாளோடும்தான் உண்டு உறங்கினான். சிறுவனை அத்தனை தொலைவு அனுப்பியதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பிள்ளைகள் பட்ட ஏக்கம் எந்தச் சீட்டிலும் பதிவாகவில்லை. ஆனால் கணக்கை எழுத்தில் வைத்ததும், அருகில் பெரியவர் ஒருவரை வைத்ததும் இன்றி அந்த முறை ஒரு தலைமுறைகூட நின்றிருக்காது.

இவ்விரண்டும் நியூ ஜெர்சி வீட்டில் உண்டா என்பதையே ஆராய வேண்டும் என்று அன்று தோன்றியது. பெண்ணின் வயது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ஐந்தொகை

மறுநாள் அப்பச்சியே கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "மணிக்கணக்குக்கு ஒரு ஐந்தொகை போட்டுருவோம்" என்றார். வரவும் செலவும் நேராகிறதா என்று பார்க்கும் கணக்கைத்தான் ஐந்தொகை என்பார்கள். காலை 7 மணிக்கு மருமகள் ரயிலுக்குக் கிளம்புவார், மாலை 6.15-க்குத்தான் இருவரில் ஒருவர் வீடு திரும்ப முடியும். நாளொன்றுக்கு 11 மணி 15 நிமிடம். 5 நாளைக்கு 56 மணி 15 நிமிடம். சனிக்கிழமை மாலை 3 மணி நேரம் வெளியே போய்வர விரும்பினார்கள். ஆக மொத்தம் 59 மணி 15 நிமிடம்.

தம்பதியர் உண்மையிலேயே திகைத்துப்போனார்கள். 45 மணி நேர வரம்பு அவர்களுக்குத் தெரியும். தங்கள் தேவை அதற்குள் அடங்கும் என்றே நம்பியிருந்தார்கள். பெரியவள் பள்ளிக்குப் போகும் நேரத்தையும், சின்னவன் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவதையும் மனத்துக்குள்ளேயே கழித்திருந்தார்கள். அப்பச்சி கேட்ட ஒரே கேள்வி:

"பிள்ளை தூங்குறப்ப அந்தப் பொண்ணு வீட்டைப் பூட்டிக்கிட்டு வெளியில போகலாமா?"

"அது எப்படி அப்பச்சி?"

"அப்ப அது வேலைதான்."

195.75 டாலரை 59 மணி 15 நிமிடத்தால் வகுத்து, மணிக்கு 3 டாலர் 30 சென்ட் என்று ஓரத்தில் எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போட்டார். அவர்கள் மனத்தில் வைத்திருந்த பணி 18 வயதுக்காரிக்கு மட்டுமன்றி 26 வயதுக்காரிக்கும் விதிமீறலாகவே இருந்தது. 24 வயதுப் பெண்ணாக இருந்தால் இரண்டாவது வாரமே கணக்குக் கேட்டிருப்பார். இளையவர் கேட்டிருப்பாரா என்பதுதான் என் கவலை.

அந்தக் கவலைக்கு ஆதாரம் அன்றிரவே கிடைத்தது. நம் நேரம் இரவு 8.30, அங்கே காலை 10. வளவில் மடிக்கணினியை வைத்து இளையவரோடு காணொளியில் பேசினார்கள். கார் ஓட்டுவாயா என்றதற்கு ஆம். பனியில் ஓட்டுவாயா என்றதற்கும் ஆம். பனி விழுந்து அவர் பார்த்ததே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. சனிக்கிழமை மாலை வேலை செய்ய முடியுமா, துணி மடிப்பாயா, நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, எல்லாவற்றுக்கும் ஆம். மருமகள் மகிழ்ந்தார். நான் என் குறிப்பில் 14 'ஆம்' எண்ணியிருந்தேன். ஒரு 'முடியாது' கூட இல்லை. வயதில் சிறியவர்களை வேலைக்கு வைப்பதில் நான் காணும் பெரிய இடர், அவர்கள் தவறு செய்வார்கள் என்பதைவிட, மறுத்துச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது என்பதுதான். வேலை கொடுத்தவர் நல்லவராக இருக்கும் வீட்டில் இது இன்னும் கூடுதலாக நிகழும். அன்பாகக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்வது 18 வயதில் மிகக் கடினம்.

கடைசியில் அப்பத்தா மகனை மொழிபெயர்க்கச் சொல்லி, "ஆத்தாளை விட்டு எத்தனை நாள் தங்கியிருக்கே தாயி?" என்று கேட்டார். அந்தப் பெண் திரைக்கு வெளியே யாரையோ பார்த்தார்; அவர் தாயாராக இருக்க வேண்டும். நான்கு இரவு என்றார். பிறகு, அந்த முழு உரையாடலிலும் தாமாகக் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்: குழந்தை நெடுநேரம் அழுதால் அலுவலக நேரத்தில் உங்களைத் தொலைபேசியில் அழைக்கலாமா? தன்னம்பிக்கை போதவில்லை என்று கணவர் அதைக் குறைத்து மதிப்பிட்டார். என் மதிப்பீட்டில் அன்றைய பேச்சு முழுவதிலும் மிக முதிர்ந்த சொல் அதுதான். தனக்குத் தெரியாத இடம் வரும் என்று அறிந்து, அதற்கு முன்கூட்டியே வழி கேட்பவரிடம் பிள்ளையை விடலாம்.

சாவிக்கொத்து

சிறுவனுக்கு 11 மாதத்தில் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வரும் இந்தக் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் தீங்கின்றித் தானே நிற்கும். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மறுபடியும் வரும். மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று வீட்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டேன். கணவர், உடனே அவசர உதவிக்குத் தொலைபேசி என்றார். மனைவி, பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன், 5 நிமிடத்தைத் தாண்டினால் அழைப்பேன் என்று மருத்துவர் சொன்னபடியே சொன்னார். அப்பத்தா பதில் சொல்லவே இல்லை; அவர் கை இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்துக்குப் போயிருந்தது. வலிப்பு வந்த கையில் இரும்பைத் திணிப்பது நம் ஊரில் இன்றும் கைவிடப்படாத பழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னோம்.

பெற்றவர்களும் பெரியவர்களும் இருக்கும் வீட்டிலேயே ஒரு கேள்விக்கு மூன்று விடை. வந்து சேர்ந்த முதல் மாதத்தில், இரவெல்லாம் அழுது கண் வீங்கிய ஒரு பெண், தனியாக இருக்கும்போது இதில் எதைச் செய்வார் என்று நான் கேட்டபோது, மருமகள் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தில்தான் முடிவு உருவானது என்று நினைக்கிறேன்.

முடிவு

9 நாள் கழித்து, அந்தப் பெண்ணை இப்போது எடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். 24 வயதுப் பெண்ணையும் எடுக்கவில்லை; மணிக்கணக்கு அவருக்கும் பொருந்தும் அல்லவா. ஏஜென்சி வழியாக 'வயது போதவில்லை' என்று ஒற்றை வரியில் சொல்லிவிடலாம் என்பது கணவரின் எண்ணம். நான் அதற்கு உடன்படவில்லை. உண்மையான காரணம் வீட்டின் நேர அமைப்பு. குறையை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றி அனுப்புவது சரியன்று. மருமகள் தம் கைப்பட எழுதினார்: எங்கள் வீட்டில் தனியாக இருக்க வேண்டிய நேரம் அதிகம், எங்கள் பையனுக்கு வலிப்பு வந்திருக்கிறது, பகலில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் குடும்பத்தைத் தேடிக்கொள்ளுங்கள், அழைக்கலாமா என்று நீங்கள் கேட்ட கேள்வியை எல்லாக் குடும்பத்திடமும் கேளுங்கள்.

இடையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இந்தப் பேச்சுகளின்போது காபி கொண்டுவந்து வைத்தது, பக்கத்து வீட்டு உறவினர் பிள்ளை பார்ப்பதற்காக வைத்திருந்த 16 வயதுப் பெண். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவரைக் கூலிக்கு வைப்பதைத் தடைசெய்கிறது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மணிக்கணக்கும் இல்லை, விடுமுறை நாளும் இல்லை, சீட்டும் இல்லை. அப்பச்சி தம் நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டி, அவளுடைய நாளையும் எழுதினார். 13 மணி நேரம் வந்தது. அந்தத் தாளை உறவினரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்பத்தா. அடுத்த கல்வியாண்டில் அவளைப் பதினோராம் வகுப்பில் சேர்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சேரும் வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பின்தொடர்வு

செப்டம்பரில் அப்பத்தாவும் அப்பச்சியும் நியூ ஜெர்சிக்குப் போய் ஐந்தரை மாதம் இருந்தார்கள். அந்த இடைவெளியில் கணவர் முறைப்பணியிலிருந்து விலக்குப் பெற்றார். மனைவி வாரத்தில் 3 நாள் வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி வாங்கினார். சிறுவனைப் பகல்நேரக் காப்பகத்தில் வாரத்துக்கு 3 நாள் சேர்த்தார்கள். தேவைப்படும் நேரம் 38 மணியாகக் குறைந்தது. பிப்ரவரியில் மீண்டும் ஆள் தேடினார்கள். கொலம்பியப் பெண் அதற்குள் வேறொரு குடும்பத்தில் சேர்ந்திருந்தார்.

அவர்கள் இப்போது தேர்ந்தெடுத்தவருக்கு 19 நிறைந்து ஒரு மாதம். முன்னவருக்கு அன்றிருந்த வயதைவிட 11 மாதமே கூடுதல். கணவர் எனக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது குரலில் சற்றே தயக்கம் இருந்தது, எனக்கு இல்லை. நேர்காணலில் இம்முறை முதல் கேள்வியாக, "நீங்கள் கடைசியாக ஒரு பெரியவரிடம் முடியாது என்று சொன்னது எப்போது?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு முதலாளியம்மா விடுமுறை நாளில் கூப்பிட்டதை மறுத்த கதையை அவர் கூச்சத்தோடு சொன்னாராம்.

ஜூன் மாதம் அவர் வந்து சேர்ந்தபோது சிறுவனுக்கு இரண்டு வயது ஆகியிருந்தது. முதல் இரண்டு வாரமும் மனைவி விடுப்பில் இருந்து உடனிருந்தார். வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதைச் சமையலறைச் சுவரில் ஆறு வரியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழே மணிக்கணக்குத் தாள். அதை நாள்தோறும் அந்தப் பெண்ணே நிரப்புகிறார். முதல் ஐந்து வாரம் பல இரவு அழுதார். ஜூலையில் ஒருமுறை சிறுவனுக்குக் காய்ச்சல் 101-ஐத் தொட்டதும் தாயை அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுப்பி அழைத்தார். வலிப்பு வரவில்லை.

செப்டம்பர் காலாண்டு முடிவில் ஒரு வாரம் தாளில் 47 என்று விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் 2 மணி நேரம் குறைத்துக்கொடுத்து ஈடுகட்டிவிட்டதாக மருமகள் என்னிடம் நிம்மதியோடு சொன்னார். விதிப்படி ஒவ்வொரு வாரத்துக்கும் 45 தனி வரம்பு. ஒரு வாரத்து மிகுதியை மறுவாரத்தில் கழிக்க இடமில்லை என்று சொன்னேன். டிசம்பரில் இன்னொரு காலாண்டு முடிவு வருகிறது. அந்த வாரத்துக்குக் கணவர் விடுப்பு எடுப்பதா, காப்பகத்தில் கூடுதலாக 2 நாள் கேட்பதா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.